ஒரு பழைய கொப்பியின் கணக்கு

சென்ற மாதம் ஒரு நாள் எமது வீட்டுப் புத்தக அலுமாரியைக் கறையான் பற்றிவிட்டது. நூல்கள் யாவற்றையும் முற்றத்தில் பாய் விரித்து வெயிலிற் பரப்பி, ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்த வேளையில், நீல மட்டை போட்ட ஓர் அப்பியாசக் கொப்பி எமது கையில் அகப்பட்டது. மட்டையின் ஓரத்தைக் கறையான் சுவை பார்த்திருந்தது. உள்ளே எழுத்துக்குச் சேதமில்லை. முதற் பக்கத்தின் தலைப்பில், "சார்வரி வருடக் கோடைத் திட்டம்" என்று எமது கையெழுத்திலேயே எழுதப்பட்டு, அடியில் இரட்டைக் கோடும் இடப்பட்டிருந்தது. கோடு போடுவதில் நாம் என்றும் குறை வைத்ததில்லை.

சார்வரி என்பது 2020 ஆம் ஆண்டு சித்திரையிற் பிறந்த வருடம். அச்சொல்லுக்கு வடமொழியில் இரவு என்று பொருள். பெயருக்கேற்ற வருடம் என்று அக்காலத்திற் பலரும் சொல்லிக்கொண்டனர். இப்பகுதியை ஞாயிறுதோறும் வாசித்துவரும் பெரியோர்க்கு அந்நாட்கள் மறந்திரா. ஆயினும் மாணவர்களுட் சிறியோர்க்கு அது கேள்விப்பட்ட கதையாகிவிட்டது. ஆதலின் சற்றே நினைவூட்டுகின்றோம்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று கூறியது 2020 மார்ச் 11 ஆந் திகதி. மறுநாளே எமது நாட்டிற் பாடசாலைகள் யாவும் மூடப்படும் என அறிவித்தல் வந்தது. மார்ச் 20 ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. இடர் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக யாழ்ப்பாணமும் குறிக்கப்பட்டமையால், பிற மாவட்டங்களில் இடையிடையே ஊரடங்கு தளர்ந்த நாட்களிலும் எமக்குத் தளர்வு கிடைக்கவில்லை. கோயில் மணி ஒலித்தது. அடியாரை உள்ளே விடவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் வாங்கச் செல்லவும் வழியில்லை. போர்த்தேங்காய் அடிக்கும் ஒழுங்கைகளில் நாய்கள் மாத்திரம் படுத்துறங்கின. உலகம் முழுவதிலும் அவ்வேளை 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் பாடசாலைக்குச் செல்லாது வீட்டிலிருந்தனர்.

இத்தகைய வேளையிலேதான் எம் போன்றோர்க்கு ஓர் ஆசை பிறந்தது. கிடைத்த காலத்தை வீணாக்கலாகாது என்னும் ஆசை அது. அதற்கு எண்ணெய் வார்த்தாற்போல, கைத்தொலைபேசியில் ஒரு செய்தி ஓயாது வலம் வந்துகொண்டிருந்தது. 1665 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஐசாக் நியூட்டன் என்னும் இளைஞர் தமது கிராமத்து வீட்டுக்குச் சென்றார். அங்கிருந்த காலத்தில் நுண்கணிதத்தையும் ஒளியின் இயல்பையும் ஈர்ப்பு விதியையும் கண்டறிந்துவிட்டார். நீவிர் யாது செய்யப் போகின்றீர்? இதுவே அச்செய்தியின் சாரம்.

கணிதம் படிப்பிக்கும் எம்மை இச்செய்தி சும்மா விடுமா? சித்திரை முதல் நாள் காலையிலேயே கொப்பியும் பேனையுமாகத் திண்ணையில் அமர்ந்துவிட்டோம். எழுதிய திட்டங்கள் ஐந்து.

முதலாவது, நாளொன்றுக்கு ஓரதிகாரமாக 133 நாட்களில் திருக்குறள் முழுவதையும் மனனஞ் செய்தல். ஆவணி 24 என்று முடிவுநாளையும் எழுதிப் பின்னர் அதனை ஓகஸ்ட் 24 என்று திருத்தியிருக்கின்றோம். இரண்டாவது, நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாகச் சிங்களம் பழகுதல். மூன்றாவது, வளவில் நாற்பது கன்று நாட்டி, மரக்கறிக்குச் சந்தையை நம்பாதிருத்தல். நான்காவது, நாள்தோறும் வளவைச் சுற்றி முப்பது சுற்று நடந்து, உடல் நிறையில் ஆறு கிலோ குறைத்தல். ஐந்தாவது, உயர்தர வகுப்பின் எஞ்சிய பாடப்பரப்பு முழுவதையும் தொலைபேசி வழியாகக் கற்பித்து முடித்தல்.

இவை என்னவாயின? ஒளியாது கூறுவோம்.

குறள் நாற்பதாவது அதிகாரத்தோடு நின்றுவிட்டது. நாற்பதாவது அதிகாரம் கல்வி. அதற்கப்பால் உள்ளவை கல்லாமையும் கேள்வியும். அவற்றைத் தொடுமுன்னரே ஊக்கம் உறங்கிவிட்டது. இன்று யாராவது சோதித்தால், அந்த நாற்பதிலும் பதினைந்து தேறுமா என்பது ஐயமே. சிங்களத்தில் எழுத்துக்களைக் கற்றோம். கடைப் பலகைகளையும் பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயரையும் எழுத்துக்கூட்டி வாசிப்போம். ஆயினும் பேசுவதற்கு நா எழவில்லை. பேச்சுக்கு மறுபுறத்தில் ஓர் ஆள் வேண்டும். எமக்கு மறுபுறத்தில் இருந்ததோ சுவர்.

தோட்டம் ஓரளவு பலித்தது. நாற்பது கன்றில் பதினேழு பிழைத்தன. கத்தரியும் வெண்டியும் மிளகாயும் வீட்டுக்குப் போதுமான அளவு கிடைத்தன. ஆயின், விடியற் புறத்தில் கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றியவர் எமது மனையாளே என்பதையும், அயல்வீட்டு ஆட்டுக்கு அடைக்கவேண்டிய வேலிப் பொட்டை நாம் அடைக்காது விட்டதனால் இழந்த கன்றுகள் பல என்பதையும் இங்கு எழுதாவிடில் அவர் எம்மை மன்னியார். நடையைப் பொறுத்தவரை, சித்திரையிற் குறைந்த இரண்டு கிலோவும் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் வட்டியோடு திரும்பி வந்தது.

ஐந்தாவது திட்டத்துக்கு எதிரில் மாத்திரம் சிவப்பு மையினால் ஒரு பெரிய சரியடையாளம் இட்டிருந்தோம். பக்கத்தில், "நிறைவேறியது. நூற்றுக்கு நூறு" என்று ஒரு குறிப்பு. அதனைக் கண்டபோது முற்றத்து வெயிலிலும் எமது உடல் குளிர்ந்தது. அதற்கான காரணத்தைக் கூறுமுன் இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும்.

ஒன்று, நியூட்டனைப் பற்றியது. அச்செய்தியை நாம் பின்னரே ஆராய்ந்து பார்த்தோம். அவர் கேம்பிரிட்ஜை விட்டுச் சென்றது கணிதம் தெரியாத இளைஞராக அன்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1664 இல், உயர்ந்த கணித நூல்களை எடுத்துத் தாமாகவே கற்கத் தொடங்கிவிட்டார். இருபத்திரண்டு வயதிற் பட்டம் பெற்றே வீடு சென்றார். இடையில் ஒருமுறை கேம்பிரிட்ஜுக்கு மீண்டு, நோய் தணியாமையால் மறுபடியும் வீடு சென்று, 1667 இலேயே நிலையாகத் திரும்பினார். ஈர்ப்பு விதியை நிறுவிக் காட்டிய அவரது பெருநூல் வெளிவந்தது 1687 ஆம் ஆண்டில். அதாவது இருபது ஆண்டுகள் கழித்து. கிராமத்து வீட்டில் அவர் விதைத்தது உண்மை. விளைச்சலையும் அங்கேயே அறுத்தார் என்பது பொய். அன்றியும், அவருக்குப் பராமரிக்க ஒரு குடும்பம் இருக்கவில்லை. அன்றாடக் கூலி இன்றேல் அடுப்பெரியாத வீடும் அன்று அது.

ஆகவே அக்கோடையில் திட்டமிட்டவற்றை முடிக்கவில்லையே என்று இன்றும் மனத்துள் வருந்தும் இளைஞர் எவரேனும் இருப்பின், அவர்க்கு நாம் கூறுவது இது. பெருந்தொற்றுக் காலம் விடுமுறைக் காலம் ஆகாது. எமது சிறிய நாட்டில் மாத்திரம் 16,000 பேருக்கு மேற்பட்டோரை அந்நோய் கொண்டுசென்றது. அச்சமும் பொருள்முடையும் சூழ்ந்த வீட்டில், ஒரு பிள்ளை தன் மனம் கலங்காது இருந்ததே ஒரு சாதனை. நூல் முடியவில்லை என்பதற்காக எவரும் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியதில்லை.

மற்றது, எமது மகளைப் பற்றியது. அவளுக்கு அப்பொழுது பத்து வயது. நாம் திட்டம் எழுதியதைக் கண்டு, தானும் எழுதவேண்டுமென்று அதே கொப்பியின் கடைசித் தாளில் மூன்று வரி எழுதியிருந்தாள். அன்று நாம் அதனைக் கவனிக்கவில்லை. கறையான் புண்ணியத்தால் இன்று கண்டோம். "அம்மம்மாவிடம் ஓலைப்பெட்டி இழைக்கப் பழகுவது. அம்மாவுடன் சேர்ந்து தோசை சுடுவது. அப்பா பிடிக்கச் சைக்கிள் ஓடுவது." இவ்வளவே.

மூன்றும் நிறைவேறின. அவள் இழைத்த முதற் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. எனினும் இன்றுவரை எமது மேசையில் வெண்கட்டித் துண்டுகளைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது. அம்மம்மா இன்றில்லை. அவரிடம் அவ்வித்தையைக் கற்ற கடைசிக் கை எமது மகளுடையது. அவளது பட்டியலில் எண்ணே இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் இருந்தார். எமது பட்டியலில் 133, 10, 40, 6 என்று எண்கள் நிறைந்திருந்தன. எங்கும் ஒருவர் பெயரும் இல்லை.

இனி அச்சிவப்புச் சரியடையாளத்தின் கதைக்கு வருவோம்.

எமது உயர்தர வகுப்பில் அவ்வாண்டு 31 மாணவர். பரீட்சை முதலில் ஓகஸ்டில் நடப்பதாக இருந்து, பின்னர் ஒக்டோபர் 12 ஆந் திகதிக்குப் பிற்போடப்பட்டது. பாடங்களை வெண்தாளில் எழுதிப் படம் பிடித்தும், குரலைப் பதிந்தும் வட்ஸ்அப் வழியாக அனுப்பினோம். இரவு பதினொரு மணிவரை மாணவர் கேட்ட ஐயங்களுக்கு விடை எழுதினோம். உழைப்பிற் குறை சொல்ல எவராலும் இயலாது. அக்குழுவில் இருந்தோர் 27 பேர். இருபத்தெழுவரும் பயிற்சிகளைச் செய்து அனுப்பினர். 27 இல் 27, நூற்றுக்கு நூறு. சரியடையாளம் அவ்வாறு பிறந்தது.

கணித ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடாத பிழை இது. தொகுதியைச் சரியாக எண்ணினோம்; பகுதியைப் பிழையாக எழுதினோம். எமக்கு இருந்த மாணவர் 31 அன்றோ? எஞ்சிய நால்வர் எங்கே? "அவர்களிடம் தகுந்த தொலைபேசி இல்லைப் போலும், பாடசாலை திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு நாள் நினைத்தோம். மறுநாள் அந்த நினைவும் எழவில்லை.

ஜூலை 6 ஆந் திகதி உயர்தர மாணவர்க்குப் பாடசாலை திறந்தது. இடாப்பை வாசித்தோம். நால்வரில் மூவர் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் வீட்டில் ஒரே தொலைபேசி. அதனைத் தந்தையார் வேலைக்குக் கொண்டுசென்றுவிடுவார். மற்றிருவர் அயலவர் தயவில் சில பாடங்களைப் பார்த்தெழுதியிருந்தனர். அம்மூவரையும் மாலை வேளையில் இருத்தி, விட்டவற்றைச் சொல்லிக்கொடுத்தோம். நான்காவது மாணவர் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தோம். மறு கிழமையும் இடாப்பில் அவருக்கு எதிரே வரவின்மைக் குறியே விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவிச்சக்கர வண்டியில் அவர் வீட்டைத் தேடிச் சென்றோம். எமது வீட்டிலிருந்து இருபது நிமிட ஓட்டம். ஒழுங்கையின் முகப்பைக் கண்டதும் எமக்குத் துணுக்குற்றது. மே மாதத்தில் ஊரடங்கு தளர்ந்த பின்னர், மிளகாய்க் கன்று வாங்குவதற்காக அதே முகப்பைக் கடந்து இருமுறை சென்றிருக்கின்றோம். கன்று பட்டியலில் இருந்தது, ஆதலாற் சென்றோம். மாணவர் பட்டியலில் இருக்கவில்லை.

தகரப் படலையைத் திறந்து தாயார் வந்தார். "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரையைத் துடைத்து வைத்தார். தேநீர் தந்தார். தந்தையார் நாட்கூலி, ஊரடங்கில் வேலை அற்றுப்போனது, அரசாங்கம் கொடுத்த ஐயாயிரம் ரூபாவில் ஒரு மாதம் ஓடியதாம். வேலைகள் மீளத் தொடங்கியதும் மகன் மேசன் ஒருவருக்குக் கையாளாகப் போகத் தொடங்கிவிட்டார். இவற்றை எல்லாம் அந்த அம்மையார் எவர்மீதும் குறைகூறாது சொல்லிக்கொண்டு வந்தார். முடிவில், தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டே, "நீங்கள் வருவியள் எண்டு கொஞ்சநாள் பாத்துக்கொண்டிருந்தவன், சேர்" என்றார்.

அவர் அதனைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆறு ஆசிரியர் மாநாடுகளிற் கேட்ட சொற்பொழிவுகளை எல்லாம் மறந்துவிட்டோம். இவ்வொரு வாக்கியத்தை மறக்க இயலவில்லை.

அன்று மாலை அம்மாணவர் எமது வீட்டுப் படலைக்கு வந்தார். கைகளிற் சீமெந்து காய்ந்திருந்தது. எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் நாமே சொல்லித் தருவதாகவும், மூன்று மாதத்தில் ஓரளவு தேறலாமெனவும் கூறினோம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நான் இனிப் படிச்சு எட்டமாட்டன், சேர். தம்பிக்குச் சொல்லிக்குடுங்கோ. அவன் கெட்டிக்காரன்" என்றார். மே மாதத்தில் சொல்லியிருந்தால் அவர் இணங்கியிருப்பார் என்று நாம் இன்றும் நம்புகின்றோம். ஜூலையில் அவர் ஏற்கெனவே ஒரு குடும்பத்தைத் தாங்குபவராகிவிட்டார்.

தம்பி மறுநாளே வந்தான். எட்டாம் வகுப்பு. அன்று தொடக்கம் கிழமைக்கு மூன்று மாலை எமது திண்ணையில் அவனுக்குப் பாடம் நடக்கின்றது. இப்பொழுது உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்கின்றான்; எமது வழியிலும் சுருங்கிய வழியொன்றைக் கண்டு காட்டி, எம்மை நாணச் செய்யும் நாட்களும் உண்டு. தமையனாரோ கையாள் நிலையிலிருந்து உயர்ந்து, தாமே வேலை ஏற்றுச் செய்யும் மேசனாகிவிட்டார். சென்ற ஆண்டு எமது முன்மதிலைக் கட்டியவர் அவரே. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மூலைமட்டம் வைத்து அவர் சரிபார்த்த நேர்த்தி, எமது வகுப்பிற் பலரிடம் நாம் காணாத ஒன்று.

அவர் நன்றாக வாழ்கின்றார் என்பது எமக்கு மகிழ்ச்சி. ஆயினும் அதனால் எமது கணக்குச் சரியாகிவிடாது. அவருக்கு மேசன் வேலையில் விருப்பமிருந்து அவர் அதனைத் தெரிந்திருந்தால் அது வேறு. தெரிவு செய்யும் வாய்ப்பு அவர் கையிலிருந்து நழுவிய வேளையில், அதனைப் பிடித்துக் கொடுக்கவேண்டியவர்களுள் ஒருவராகிய நாம் மிளகாய்க் கன்று தேடிக்கொண்டிருந்தோம்.

நூல்களை மீண்டும் அலுமாரியில் அடுக்கும்போது, அக்கொப்பியை எடுத்துப் பேனையால் ஒரு திருத்தம் செய்தோம். "நூற்றுக்கு நூறு" என்பதை வெட்டி, "31 இல் 27" என்று எழுதினோம். வீதத்திற் கூறின் 87. சோதனைத்தாளில் அது சிறந்த புள்ளி. எனினும் எஞ்சிய நால்வரைப் பற்றி அந்த 87 ஒரு சொல்லும் சொல்லாது.

மாணவச் செல்வங்களே, விடுமுறைகள் வரும், திட்டங்களும் எழுதுவீர்கள். எழுதுங்கள், எழுதாதிருப்பதிலும் எழுதுவது நன்று. ஐந்து எழுதவேண்டாம், இரண்டு போதும். அவ்விரண்டில் ஒன்றிலேனும் ஒருவரது பெயர் இருக்கட்டும். பாட்டியாரிடம் ஒரு கைவேலை, தம்பிக்கு ஒரு பாடம், நீண்டநாள் வகுப்புக்கு வராத தோழன் வீட்டுக்கு ஒரு பயணம், இவற்றுள் எதுவாயினும் ஆகுக. எண்ணுக்காகத் தொடங்கியதை இடையில் விட்டுவிட்டாற் கேட்பார் இல்லை. ஒருவருக்காகத் தொடங்கியதை விட்டால், அவர் ஒழுங்கை முகப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெற்றோர்க்கும் எம் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு சொல். இனி ஒருகால் பாடசாலைகள் மூடப்படும் காலம் வரின், அது நோயாலோ வெள்ளத்தாலோ யாதாலாயினும், இடாப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். குழுவிற் சேர்ந்தவரை எண்ணுமுன் சேராதவரை எண்ணுவோம்.

மகள் எழுதிய தாளைக் கொப்பியிலிருந்து கிழிக்காது அப்படியே வைத்திருக்கின்றோம். திருக்குறள் நாற்பத்தோராம் அதிகாரத்திலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கின்றோம். இம்முறை மாலைப் பாடம் முடிந்ததும், திண்ணைக்கு வரும் அந்தத் தம்பியோடு சேர்ந்து, நாளுக்கு ஒரு குறளாக. முடிவுநாள் எழுதவில்லை.